பாட்டு கேட்கிறது, குரல் மட்டும் காணோம்: ஹெட்போனைச் சோதிப்பது எப்படி?

போன மாதம் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டார். நான் வாங்கிக் கொடுத்த ஹெட்செட் ஒரே வாரத்தில் கெட்டுவிட்டதாம்.

"என்னம்மா ஆச்சு, ஒரு பக்கம் கேட்கலையா?"

"ரெண்டு பக்கமும் கேட்குதுப்பா. ஆனா பாடறவங்க குரலைக் காணோம். வயலின் கேட்குது, மத்ததெல்லாம் எங்கேயோ தூரத்துல கேட்கிற மாதிரி இருக்கு. பழைய பாட்டு போட்டா அதுவும் இல்ல, சுத்தமா ஒண்ணுமே வரல."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "போன் கவரைக் கழற்றிட்டு, பின்னை நல்லா அழுத்திச் செருகிப் பாரும்மா" என்றேன். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். குரல் வந்துவிட்டது.

ஹெட்செட்டில் ஒரு பழுதும் இல்லை. கவரில் இருந்த ஓட்டை சின்னது. பின்னின் தடித்த பிளாஸ்டிக் பகுதி அதில் முட்டிக்கொண்டதால், கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகவில்லை. "கெட்டுப்போச்சு" என்று என் கைக்கு வந்த ஹெட்போன்களில் பலவும் இப்படித்தான். உள்ளே எதுவும் கெட்டிருக்காது, வழியில் எங்கேயோ ஒரு தடை இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அம்மாவின் ஹெட்செட்டில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹெட்போன் என்பது காதுக்குப் பக்கத்தில் வைக்கிற இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காந்தம், தலைமுடி போன்ற செம்புக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள், அந்தச் சுருள் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது, சவ்வு அதிர்கிறது, காற்று அதிர்கிறது, நமக்குக் கேட்கிறது.

பல்பு எரிய இரண்டு ஒயர் வேண்டும் அல்லவா? மின்சாரம் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. இங்கேயும் அப்படித்தான். இரண்டு ஸ்பீக்கருக்கு நான்கு ஒயர் வேண்டும். ஆனால் திரும்பி வரும் ஒயரை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதால் மூன்றே போதும். பொதுவான அந்த மூன்றாவது ஒயருக்குத்தான் கிரவுண்டு என்று பெயர்.

உங்களிடம் 3.5 மி.மீ. பின் உள்ள ஹெட்போன் இருந்தால் எடுத்துப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே மெல்லிய வளையங்கள் தெரியும், பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். இரண்டு வளையம் என்றால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது: நுனி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம், அடியில் உள்ளது கிரவுண்டு. மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு. கூடுதலாக வந்த துண்டு மைக்குக்கு.

இப்போது அம்மாவின் போனுக்கு வருவோம். பின் முழுதாகச் செருகாததால் கிரவுண்டு மட்டும் தொடவில்லை. திரும்பி வர வழி இல்லாத மின்சாரம் என்ன செய்யும்? இடது ஸ்பீக்கருக்குள் நுழைந்து, பொது ஒயர் வழியாக வலது ஸ்பீக்கருக்குள் போய், அந்தப் பக்கமாக வெளியேறப் பார்க்கும். வலப்பக்கத்து மின்சாரமும் எதிர்த்திசையில் அதையே செய்யும். ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், சமமான பலத்தோடு தள்ளினால் கதவு அசையாது. ஒருவர் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால், அந்தக் கூடுதல் அளவுக்கு மட்டும் அசையும். அதாவது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும்.

ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரலை நடுவில் நிறுத்துவார்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். அதனால் முதலில் காணாமல் போவது குரல். கூடவே பேஸ் எனப்படும் அடிமட்ட ஒலியும் போகும், அதையும் பெரும்பாலும் நடுவில்தான் வைப்பார்கள். ஒரு பக்கம் தள்ளி வைத்த வயலினும் குரலின் பின்னால் வரும் எதிரொலியும் தப்பிக்கும். 1960-களின் தமிழ்ப் படப் பாடல்களோ மோனோ, இரண்டு பக்கமும் அச்சாக ஒரே ஒலி. வித்தியாசம் பூஜ்யம், ஆகவே மௌனம். அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இதற்குப் பொருந்தியது. ஒலிப் பிரச்சினையை யாராவது சொல்லும்போது முழுதாகச் சொல்லவிடுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

அழுத்திச் செருகியும் குரல் வரவில்லையா? முதலில் போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் சேரும் துணிப் பஞ்சு உள்ளே போய் இறுகிக் கிடக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பி எடுக்கலாம். ஊசி, குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

பஞ்சும் இல்லை என்றால் இன்னொரு சோதனை. ஹெட்செட்டில் இருக்கும் மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் வந்து, விட்டதும் போனால், உங்கள் ஹெட்செட்டும் போனும் வேறு வேறு முறையில் செய்யப்பட்டவை. நான்கு துண்டுப் பின்னில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் கிரவுண்டு இருக்கும் இடத்தில் மற்றதில் மைக் இருக்கும். பட்டன் அந்த இரண்டையும் ஒன்றாக இணைப்பதால் குரல் திரும்புகிறது. இன்று கிட்டத்தட்ட எல்லாமே சிடிஐஏ முறைதான். பழைய ஹெட்செட்டைப் புதிய போனில் போட்டால் இது நேரலாம். ஒன்றை மற்றதாக மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. பட்டனை அழுத்தியும் பயனில்லை என்றால் கிரவுண்டு ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தப் பிரச்சினையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இதே ஹெட்போனை வேறு போனில் போடுங்கள். இதே போனில் வேறு ஹெட்போனைப் போடுங்கள். பாட்டை மாற்றுங்கள். ஆப்பை மாற்றுங்கள். எதை மாற்றியதும் சரியாகிறதோ அங்கேதான் கோளாறு. அவசரத்தில் நான்கையும் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒரு பக்கம் ஒலி குறைவாகக் கேட்கிறது என்பவர்கள் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். காதை. இடது பக்கத்தை வலது காதிலும் வலதை இடதிலும் வைத்துப் பாருங்கள். மந்தமான ஒலி ஹெட்போனோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு ஹெட்போனில், அல்லது போனில். எப்படி வைத்தாலும் அதே காதில்தான் மந்தம் என்றால் பிரச்சினை காதில். பெரும்பாலும் உள்ளே சேர்ந்த குறும்பியாக இருக்கும், மருத்துவர் எடுத்துவிடுவார். ஆனால் நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென மந்தமாகிவிட்டால் நாளைக் கடத்தாதீர்கள். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். திடீரென வரும் கேள்விக் குறைவுக்குச் சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஹெட்போனைப் பற்றிய கட்டுரையில் இதுதான் மிக முக்கியமான வரி என்று நினைக்கிறேன்.

கோளாறு காதில் இல்லையா? சரி, போனின் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே இடம், வலம் என்று ஒரு பேலன்ஸ் கோடு இருக்கும். அதன் புள்ளி நடுவில் இருக்கிறதா பாருங்கள். குழந்தைகள் போனை நோண்டும் வீடுகளில் இது நகர்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் மோனோ என்று ஒரு வசதியும் இருக்கும். ஒரு காதில் மட்டும் கேள்வித் திறன் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் வந்துவிடும்.

காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் அடுத்த சந்தேகம் அழுக்கு. ரப்பர் முனையைக் கழற்றி, வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் காட்டுங்கள். அங்கே ஒரு நுண்ணிய வலை இருக்கும். அதன் கண்கள் வழியே மினுமினுப்பு தெரிந்தால் சரி. மஞ்சளாக மூடியிருந்தால் பாதி ஒலி அங்கேயே நின்றுவிடும். காய்ந்த, மென்மையான டூத்பிரஷ் போதும். வலை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்துத் தேயுங்கள், அப்போதுதான் உதிர்வது கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்தால் எல்லாம் உள்ளே போய்விடும். வாயால் ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் உள்ளே போகும். ரப்பர் முனையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம்.

அடுத்தது ஒயர். அடிக்கடி மடங்கும் இடங்களில்தான் அது உள்ளே அறும்: பின்னுக்கு அருகே, இரண்டாகப் பிரியும் இடத்தில், காதுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில். பாட்டை ஓடவிட்டு, ஒயரை அங்குலம் அங்குலமாக மெதுவாக வளைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஒலி வந்து வந்து போகிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

வீட்டில் மல்டிமீட்டர் (மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி) இருந்தால் ஊகமே தேவையில்லை. 200 ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை மூன்று துண்டுப் பின்னின் அடிப்பகுதியிலும் மற்றதை நுனியிலும் தொடுங்கள். சாதாரண இயர்போன்களில் 16-இலிருந்து 32 ஓம் வரை ஏதோ ஒன்று காட்டும். தொடும்போது இடது ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலியும் கேட்கும். நடுத் துண்டைத் தொட்டால் வலப்பக்கத்தில் அதே போல. இரண்டு எண்ணும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எண் வராமல் போனால் அந்தப் பக்க ஒயரோ சுருளோ அறுந்திருக்கிறது. நுனிக்கும் நடுத் துண்டுக்கும் இடையே இரண்டும் கூட்டிய அளவு, 64 என்று வைத்துக்கொள்வோம், காட்டிவிட்டு, அடித்துண்டோடு மட்டும் எதுவும் காட்டாவிட்டால் அறுந்தது கிரவுண்டு. குரல் காணாமல் போகும் நோயின் நேரடிச் சாட்சி அது.

பின்னுக்கு அருகே அறுந்திருந்தால் புதுப் பின் வாங்கி சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) செய்துவிடலாம். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பின் தனியாகவே கிடைக்கும். பலரும் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள்: ஒயரை வெட்டினால் உள்ளே சிவப்பும் பச்சையுமாக மின்னும் கம்பிகள் இருக்கும். அந்த நிறம் கம்பியின் மேல் பூசிய மின்கடத்தா மெருகு. அதை எடுக்காமல் ஈயம் பிடிக்காது, பிடித்தது போலத் தெரிந்தாலும் ஒலி வராது. சூடான சால்டரிங் நுனியில் புது ஈயத்தோடு சில நொடி வைத்திருந்தால் மெருகு எரிந்து கம்பி வெள்ளியாக மாறும். அதன் பிறகு இணையுங்கள். பொதுவாகச் சிவப்பு வலம், பச்சை அல்லது நீலம் இடம், செம்பு நிறம் கிரவுண்டு. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம், மீட்டரில் பார்த்துவிடுவது நல்லது.

"பேஸ் இல்லை, தகர டப்பா மாதிரி கேட்கிறது" என்பது இன்னொரு பொதுவான புகார். இதற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் முனையின் அளவு. காதுத் துளையை முனை முழுதாக அடைக்காவிட்டால் பேஸ் ஒலி இடைவெளி வழியே கசிந்துவிடும். தவில், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எல்லாம் போய், ஜால்ராச் சத்தமும் உச்சஸ்தாயியும் மட்டும் மிஞ்சும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் பெரிய முனை போட வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்று கட்டாயமில்லை. காதை மூடும் பெரிய ஹெட்போன் என்றால் மூக்குக் கண்ணாடியின் காம்பும் வெடித்துப்போன மெத்தையும் இதே கசிவை உண்டாக்கும்.

கசிவை வால்யூம் கூட்டிச் சமாளிக்கிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. சரியான முனை போட்டால் வால்யூமைத் தானாகவே குறைத்து வைப்பீர்கள்.

கரகரப்பு வந்தால் முதலில் போனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்டையும் அணையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இல்லாவிட்டால் 20 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 20 அதிர்வு) 20,000 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏறும் சோதனை ஒலி யூடியூபில் கிடைக்கும், வால்யூமைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். அடிமட்ட ஒலியில் ஓர் இடத்தில் மட்டும் 'ர்ர்ர்' என்று அதிர்ந்தால் சவ்வின் மேல் ஒரு முடி கிடக்கலாம். பெரிய ஹெட்போன்களில் இது நிஜமாகவே நடக்கும். மெத்தையைக் கழற்றி முடியை எடுத்தால் கரகரப்பு போய்விடும். மேலே 15,000-க்கு அப்பால் எதுவும் கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் எல்லோருக்கும் குறையும், சுருக்கிய ஒலிக் கோப்புகளிலும் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கும்.

இன்னொரு அருமையான சோதனைக்கு அந்தப் பழைய மோனோ பாட்டே போதும். அதைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கமும் சமமில்லை. எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாமல் தலைக்குள் கலைந்து கிடந்தால் ஒரு பக்கத்தின் இரண்டு ஒயர்களும் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. சால்டரிங் செய்து வாங்கிய ஹெட்போனில் இதை அவசியம் பாருங்கள். புதிதாக இசை சேர்த்து வெளியிட்ட பதிப்பு வேண்டாம், அதில் நடு என்பதே குழம்பியிருக்கும்.

புளூடூத்துக்கு வந்தால் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "பாட்டு அருமையாகக் கேட்கிறது, லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது, ஏன்?" ஹெட்செட் கெடவில்லை. பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என்று புளூடூத்தில் இரண்டு உண்டு. மைக் தேவைப்பட்டதும் அது பேச்சு வழிக்குத் தாவுகிறது. அதில் ஸ்டீரியோ கிடையாது. சிடியில் ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து பதிகிறார்கள், பழைய பேச்சு வழியில் 8,000 முறை, கொஞ்சம் மேம்பட்டதில் 16,000 முறை. அளக்கும் அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட ஹெர்ட்ஸ் ஒலி வரவே முடியாது. தீர்வு சுலபம்: மீட்டிங் ஆப்பின் செட்டிங்ஸில் ஒலி வருவதற்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். தரம் உடனே திரும்பும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது, ஆனால் இரண்டு சாதனத்திலும் அது இருக்க வேண்டும்.

நடக்கும்போது விட்டுவிட்டுக் கேட்டால் போனை வேறு பையில் வைத்துப் பாருங்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும். பின்பக்கப் பையில் இருக்கும் போனுக்கும் காதுக்கும் நடுவில் முழு உடம்பும் நிற்கிறது. இயர்பட்ஸில் ஒன்று மட்டும் உயிர் பெறவில்லை என்றால் அதன் அடியில் இருக்கும் தங்க நிறப் புள்ளிகளையும் டப்பாவுக்குள் இருக்கும் முள்ளையும் காய்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை உப்பு படிந்தால் சார்ஜ் ஏறாது. அப்புறம் போனில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

லேப்டாப்பில் ஒயர் ஹெட்போன் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் அது மின்சாரத்தின் வழியே வருகிறது, ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். வேறு பிளக்கில், முடிந்தால் எர்த் உள்ள மூன்று கால் பிளக்கில், சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

டைப்-சி அடாப்டர் வாங்குகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. சிலவற்றில் டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் சில்லு உள்ளேயே இருக்கும், சிலவற்றில் வெறும் ஒயர்தான். வெறும் ஒயர் வகை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. டப்பாவில் 'டிஏசி' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

புது ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போகும்போது உங்கள் போனையே எடுத்துப் போங்கள். அதில் ஒரு பழைய மோனோ பாட்டும் நல்ல பேஸ் உள்ள ஒரு புதுப் பாட்டும் இருக்கட்டும். கடைக்காரர் காட்டும் போனில் கேட்டுவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். உங்கள் போனில் செருகிக் கேளுங்கள், கவரைக் கழற்றாமல்.